முத்து பீவியின் இடது கை

கிள்ளான் வட்டாரத்தில் கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி போட ஆள் தேடினால் முதலில் முத்து பீவியின் பெயரைத்தான் சொல்வார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள், "ஆனா..." என்று ஓர் இழுப்பும் இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன வரும் என்பது கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை அத்தனை பேருக்கும் தெரியும். முத்து பீவிக்கு மட்டும் தெரியாது.

மருதாணிக் கோனைப் பிடித்துவிட்டால் அவள் கைக்கு நிகர் கிடையாது. பென்சிலால் குறித்துக்கொள்ள மாட்டாள், எதையும் பார்த்துப் போட மாட்டாள். மணப்பெண் தோழியோடு சிரித்துப் பேசி முடிப்பதற்குள் உள்ளங்கையில் ஒரு தோட்டமே விளைந்திருக்கும். எல்லாம் சரி, அந்தக் கை முதலில் மணப்பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டுமே. அங்கேதான் சிக்கல்.

கிளம்பத்தான் செய்வாள். செருப்பு மாட்டும்போது ஃபோன் அடிக்கும். பேசிக்கொண்டே வாசல் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். செடி வாடியிருக்கிறதே என்று உரம் தேடிக் கொல்லைக்குப் போவாள். கொல்லையில் காய்ந்த துணி கண்ணில் படும். துணியை மடித்து வைக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தைத்துத் தருவதாகச் சொன்ன ரவிக்கை ஞாபகம் வரும். ஒருவழியாகக் காரில் ஏறினால், தெங்கு கிளானா சாலையில் தெரிந்தவர் யாராவது கையைக் காட்டுவார். "ஒரே நிமிஷம்தானே" என்று வண்டியை ஓரம் கட்டுவாள். அவளுடைய ஒரு நிமிடத்தில் நாம் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டு, கை கழுவி, பல்லும் குத்திவிடலாம்.

நடுவில் மணப்பெண் வீட்டார் கூப்பிட்டால் பதில் தயாராக இருக்கும். "ஆன் தி வே லா." இதைப் பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. போக வேண்டும் என்று மனதில் முடிவு செய்துவிட்டாலே பாதி வழி வந்துவிட்டது மாதிரிதான் அவளுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊராருக்குத்தான் நேரம் தெரியவில்லை என்று அவள் வெகுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். "நான் எந்நேரத்துக்குப் போனாலும் அப்பத்தான் பொண்ணு குளிச்சிட்டு வருது மச்சான். இந்தத் தமிழாளுங்க திருந்தவே மாட்டாங்க லா" என்று கணவனிடம் அலுத்துக்கொள்வாள்.

கணவன் காதர் மேரு தொழிற்பேட்டையில் லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். மனைவி அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

அவர்களுக்கு ஒரே மகள், ருமானா. ஷா ஆலமில் ஒரு கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா முடித்திருந்தாள். அம்மாவுக்கு நேர்மாறு. பள்ளிக்கூடப் பையை முந்தின நாள் மாலையே அடுக்கி வைக்கிற பிள்ளை. அவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் செய்தியைச் சொன்னாள்.

"அடுத்த மாசம் எனக்கு கொன்வோ, பட்டமளிப்பு விழா. வீட்டுலேருந்து ரெண்டு பேரு வரலாம். ஊர்வலம் ஆரம்பிச்சதும் கதவ சாத்திடுவாங்க, அப்புறம் யாரையும் உள்ள விட மாட்டாங்க."

முத்து பீவிக்குத் தலைகால் புரியவில்லை. என்ன உடுத்துவது, யார் யாரிடம் சொல்வது என்று மனம் அதற்குள் கடைவீதிக்குப் போய்விட்டது. அப்போதுதான் ருமானா கோழிக் குழம்பை அத்தா பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னாள்.

"அத்தா, நீங்க வந்துடுங்க. அம்மா, முடிஞ்சா வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் முத்து பீவி பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். உப்பு எடுங்கள் என்கிற குரலில் சொன்னாள். 'முடிஞ்சா' என்ற அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ருமானா சின்ன வயதில் குர்ஆன் ஓதி முடித்த விழாவுக்கு இவள் போய்ச் சேர்ந்தபோது நெய்ச்சோற்றுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் பரிசு வாங்கிய அன்றைக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். மேடை ஓரத்தில் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளை, "பரவால்லம்மா" என்றது. அந்தப் 'பரவால்ல'தான் வளர்ந்து 'முடிஞ்சா'வாகி நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இந்தத் தடவை கதவு சாத்துவதற்குள் உள்ளே இருந்தே ஆக வேண்டும். இதையும் விட்டால் பிள்ளை இனிமேல் கூப்பிடவே கூப்பிடாது.

சரி, திருந்துவது என்று முடிவானது. யோசனை கேட்கப் பிரிக்பீல்ட்ஸில் இருந்த லோகேஸ்வரியைப் பிடித்தாள். லோகேஸ்வரி அங்கே மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருப்பவள். முகமும் முடியும் அவள் பொறுப்பு, கையும் காலும் முத்து பீவியின் பொறுப்பு என்று இருவரும் பல கல்யாணங்களைக் கூட்டாகப் பார்த்திருக்கிறார்கள்.

லோகேஸ்வரி அவள் ஃபோனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தாள். இருபத்தைந்து நிமிடம் ஒரே வேலை, மணி அடித்ததும் ஐந்து நிமிடம் ஓய்வு. உலகமே இப்படித்தான் முன்னேறுகிறதாம். முதல் இருபத்தைந்து நிமிடத்தை முத்து பீவி ஒழுங்காகத்தான் கடந்தாள். ஓய்வு நேரத்தில், காஜாங்கில் இருக்கும் நாத்தனாரிடம் இந்தச் செயலியைப் பற்றிச் சொல்லலாமே என்று ஃபோனை எடுத்தாள். வைத்தபோது அடுத்த தொழுகைக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள்.

பிறகு அலாரம் வைத்துப் பார்த்தாள். 'எழுந்திரு', 'குளி', 'கிளம்பு', 'இன்னுமா கிளம்பல' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஃபோனில் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது அவை அடித்தன. தொந்தரவாக இருக்கிறதென்று வரிசையாக அணைத்தாள். ஃபோனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியும் பார்த்தாள். பூட்டின பிறகு, யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்ற நினைப்பிலேயே வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு மணப்பெண்ணுக்கு மாதிரி காட்டத் தன் இடது உள்ளங்கையிலேயே ஒரு பூவைப் போட்டாள். பக்கத்தில் ஃபோன் அடித்தது. வழக்கம்போல் இடது கை நீண்டது. ஈர மருதாணி கலைந்துவிடுமே என்று பாதியில் நின்றது. வலது கையிலோ கோன். ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. வானம் இடிந்து விழவில்லை. பெண்ணின் இரண்டு கையும் அன்றைக்கு நேரத்தோடு முடிந்தன.

திருடன் அகப்பட்டுக்கொண்டான் என்று முத்து பீவிக்கு ஒரே குஷி. இத்தனை காலமும் ஃபோனை எடுத்தது, துணியை மடித்தது, காரை ஓரம் கட்டக் கியர் மாற்றியது எல்லாம் இந்த இடது கைதான். அன்றிலிருந்து எந்த வேலைக்கு உட்கார்ந்தாலும் முதலில் இடது உள்ளங்கையில் கொஞ்சம் மருதாணியைப் பிதுக்கி அதை மூலையில் உட்கார வைத்துவிடுவாள். ரவிக்கை தைப்பதைத் தவிர மற்ற வேலையெல்லாம் நடந்தது. கணவருக்கு மட்டும் ஒரு சேதாரம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் புறப்பட்டவரின் வெள்ளைச் சட்டைச் சுருக்கத்தை மறதியாக நீவிவிட்டாள். முதுகில் உள்ளங்கை அச்சு அப்படியே பதிந்ததை அறியாமல் காதர் முதல் வரிசையில் போய் நின்றார். பின் வரிசைக்காரர்கள் எப்படித்தான் சிரிப்பை அடக்கித் தொழுதார்களோ.

இந்தப் பெருமையோடுதான் அவள் பிரிக்பீல்ட்ஸில் புஷ்பவல்லியின் வீட்டுக்குப் போனாள். புஷ்பவல்லி மணப்பெண்ணின் அம்மா. மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். மூன்று மணிக்கு முத்து பீவி அழைப்பு மணியை அழுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

கதவைத் திறந்த புஷ்பவல்லியின் தலையில் துண்டு, முகமெல்லாம் கடலைமாவு. "ஐயோ அக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

"மூணு மணின்னுதானே சொன்னீங்க?"

"சொன்னோம்தான். ஆனா..." என்று புஷ்பவல்லி இழுத்தாள். பிறகு, மாவு காய்ந்த முகம் அசையாமல், உண்மையைச் சொல்லிவிட்டாள். "அது உங்களுக்குச் சொன்ன மணி, அக்கா. பொண்ணு அஞ்சு மணிக்குத்தான் வரும்."

முத்து பீவி படியிறங்கி நேராக லோகேஸ்வரியின் கடைக்குப் போனாள். உனக்கு எத்தனை மணி சொன்னார்கள் என்று கேட்டாள். லோகேஸ்வரி சீப்பைக் கீழே வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்களுக்கு மட்டும் எல்லாருமே ரெண்டு மணி நேரம் முன்னாடிதான் சொல்வோம். இல்லேன்னா கல்யாணம் நடக்காதுல்ல."

"எவ்வளவு நாளா?"

"நான் கடை போட்டதுலேருந்து. எனக்கு முன்னாடி இருந்தவங்களே என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க."

அதாவது, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் அவள் ஒருத்திக்காகத் தனியாக ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் போகும்போதுதான் பெண் குளித்துவிட்டு வருகிறதே என்று ஊரைப் பழித்தாளே, அந்த ஊர் அத்தனை வருடமும் வாயை மூடிக்கொண்டு அவளைப் பொறுத்துப் போயிருக்கிறது. வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஐந்து மணிக்குப் பெண்ணுக்குப் போட்டு முடித்து வீட்டுக்கு வந்து, அகப்பட்ட காதரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் எனக்குப் பொய் மணிதான் சொல்வீங்களா மச்சான்?"

காதர் தண்ணீர் குடிக்க எழுந்தார். அவள் வழியை மறித்தாள். "எல்லாரும் சொல்றதுதானே" என்று முனகினார்.

"ருமானாவுமா?"

காதர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அவ மட்டும் சொல்ல மாட்டா. நான் எத்தனையோ தடவ சொல்லிப் பார்த்தேன், அம்மாகிட்ட முன்னாடியே வரச் சொல்லுன்னு. அம்மாகிட்ட பொய் சொல்ல மாட்டேன் அத்தான்னுட்டா. அன்னிக்குப் பரிசு வாங்கினப்பக்கூட உள்ளபடி என்ன மணியோ அதத்தான் சொன்னா."

முத்து பீவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளிடம் பொய் சொன்னவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் அவள் சரியான நேரத்துக்குப் போயிருக்கிறாள். ஊர் பேர் தெரியாதவர்களின் மகள்களுக்கெல்லாம் நேரத்துக்கு மருதாணி போட்டிருக்கிறாள். அவளை நம்பி உள்ளதைச் சொன்ன ஒரே பிள்ளைக்குத்தான் நாற்காலி அடுக்கின பிறகு போய் நின்றிருக்கிறாள். அன்று இரவு அவள் ஃபோனைத் தொடவில்லை. அதற்கு மருதாணியும் தேவைப்படவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் ருமானா அங்கியைத் தேய்த்து மாட்டிக்கொண்டே சொன்னாள், "அம்மா, நாளைக்குக் காலையில ஏழரைக்கெல்லாம் ஹால்ல இருக்கணும்." காதர் எதையோ தேடுவது போல் மேசைக்கு அடியில் குனிந்தார். அவருக்குக் காலையில் ஒரு லோடு இறக்க வேண்டியிருந்தது. முடித்துவிட்டு மேருவிலிருந்து நேராக வந்துவிடுவதாகச் சொன்னார்.

விடிந்ததும் ருமானா தோழிகளோடு கிளம்பிப் போனாள். போகும்போது அவளுடைய தலைத்துணிக்கு முத்து பீவிதான் ஊசி குத்திவிட்டாள். அவள் கையில் அன்றைக்கு மருதாணி இல்லை, காரோட்ட வேண்டுமே. ஃபெடரல் ஹைவேயில் நெரிசலில் நின்றபோது ஃபோன் நாலைந்து தடவை அடித்தது. தொடவில்லை. ஏழரைக்கு முன்னாலேயே ஹால் வாசலில் போய் நின்றாள்.

வாசலில் ஓர் ஆள் இல்லை. உயரமான மரக்கதவு சாத்திக் கிடந்தது. இன்றைக்கும் பிந்திவிட்டோமோ என்று ஓடிப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தாள். காவலாளி ஒருவர் தேநீர்க் குவளையோடு வந்தார்.

"என்ன ஆன்டி, இவ்ளோ சீக்கிரம்? ஒன்பதரைக்குத்தான் கதவு திறப்பாங்க. பத்து மணிக்குத்தான் ஃபங்ஷன்."

முத்து பீவி கணக்குப் போட்டாள். பெரிய கணக்கு இல்லை. ஒன்பதரையில் இரண்டு மணி நேரம் போனால் ஏழரை.

ருமானாவும் ஊரோடு சேர்ந்துவிட்டாள்.

எதிரே ஒரு கல் பெஞ்சு இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. ஊரே பொய் சொன்னபோது ஆத்திரம்தான் வந்தது, இது வலித்தது. பிள்ளை எத்தனை தடவை ஏமாந்திருந்தால் இந்தப் பொய்யைச் சொல்லத் துணிந்திருக்கும் என்று நினைக்க நினைக்க வலித்தது.

அப்போது பார்த்து ஃபோன் அடித்தது. லோகேஸ்வரி. இந்தத் தடவை எடுத்தாள்.

"அக்கா, ஷா ஆலம்லதானே இருக்கீங்க? அங்க ஒரு பொண்ணுக்கு இன்னிக்கு நிக்காஹ். மருதாணி போட வர வேண்டிய ஆளு காய்ச்சல்ல படுத்திடுச்சாம். உங்க ஹால்லேருந்து பத்தே நிமிஷம். ஒரு கை மட்டும் போட்டுக் கொடுத்தாக்கூட போதும், அழுவுறாங்க பாவம்."

சைத்தான் கொம்போடும் வாலோடும் வருவதில்லை. ஒரு கை மட்டும் போதும் என்றுதான் வரும். பத்து நிமிடத் தூரம். கையில் இரண்டு மணி நேரம். பை நிறையக் கோன். முத்து பீவியின் கால் தானாக எழுந்தது. கார்ச் சாவிகூடக் கைக்கு வந்துவிட்டது. போய்விட்டு ஒன்பதரைக்குள் வந்துவிடலாம், ஒரே நிமிஷம்தானே.

அந்தச் சொல் மனதில் வந்ததும் மறுபடி உட்கார்ந்தாள்.

"வர முடியாது லோகேஸ்."

முத்து பீவியிடமிருந்து அப்படி ஒரு பதிலை லோகேஸ்வரி கேட்டதே கிடையாது. "ஏன்க்கா, உடம்புக்கு முடியலையா?"

"ருமானா கொன்வோ. பத்து மணிக்கு."

"இன்னும் எட்டுகூட ஆவலையே அக்கா."

"தெரியும்" என்றாள் முத்து பீவி. "அந்தப் பொண்ணுக்கு கிள்ளான்ல ஹலீமாவ கூப்பிட்டுப் பாரு. நல்லா போடுவா, நேரத்துக்கும் வருவா."

ஃபோனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள். ஆனால் தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்னும் கால் மணி போனால் அந்தக் கை மறுபடி பைக்குள் நுழையும். கோன் ஒன்றை எடுத்தாள், நுனியைக் கத்தரித்தாள், இடது கையை மடியில் விரித்து வைத்தாள். என்ன போடுவது? எதிரே கண்ணுக்குத் தெரிந்தது அந்தச் சாத்திய கதவு ஒன்றுதான். அதில் கொடி ஒன்று செதுக்கியிருந்தார்கள். அடியில் ஒரு மொட்டில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு மேலே போய், உச்சியில் ஐந்து இதழ்ப் பூவாக விரியும் மலாய்க்கார மரவேலை. அதைப் பார்த்துப் பார்த்து, மணிக்கட்டில் மொட்டை வைத்துத் தொடங்கினாள். எதையும் பார்த்துப் போடாதவள் அன்றைக்குத்தான் ஒன்றைப் பார்த்துப் போட்டாள்.

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. முதல் ஆளாக உள்ளே போனாள். காதர் வியர்த்துக்கொண்டு வந்து, மனைவி அதற்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து, பேசாமல் பக்கத்தில் அமர்ந்தார். ருமானாவின் பெயரைச் சொன்னபோது முத்து பீவிக்குக் கை தட்ட முடியவில்லை, இடது கையில் மருதாணி. வலது கையால் காதரின் தொடையில் தட்டினாள். அவர் இருவருக்கும் சேர்த்துக் கை தட்டினார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது ருமானா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி ஓடி வந்தாள். மேடையிலிருந்தே பார்த்திருக்கிறாள். பட்டச்சுருளை அம்மாவின் வலது கையில் கொடுத்துவிட்டு, "எப்பம்மா வந்தீங்க?" என்றாள்.

"நீ சொன்ன நேரத்துக்குத்தான்" என்றாள் முத்து பீவி.

ருமானா அம்மாவின் இடது கையைப் பிடித்தாள். காலையில் ஊசி குத்திவிட்டபோது வெறுமையாக இருந்த கை. இப்போது மருதாணி காய்ந்து முக்கால்வாசி உதிர்ந்து, கீழே சிவப்பு ஏறியிருந்தது. மணிக்கட்டில் மொட்டு, சுருள் சுருளாகக் கொடி, உள்ளங்கை நடுவில் ஐந்து இதழ்ப் பூ. மருதாணிக்காரியின் மகள் அவள். அம்மா போடும் பூவெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இது அம்மாவுடைய பூ இல்லை. எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நிமிர்ந்தவள், ஹால் கதவைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள். சாத்தியிருந்த கதவுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தால்தான் இப்படி வரும்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்மா."

"தெரியும்."

"கோவமா?"

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் இந்தக் கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேனா, நீ எத்தன தடவ இப்படி எனக்காக வாசலப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்னு தோணுச்சு. உன்மேல கோவப்பட எனக்கு என்ன இருக்கு."

ருமானா அம்மாவின் கையை விடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "நாளைக்கு ஸ்டூடியோல குடும்பமா ஃபோட்டோ எடுக்கணும்மா. ரெண்டு மணிக்கு."

"எந்த ரெண்டு மணி? எனக்குச் சொல்ற மணியா, நெசமான மணியா?"

ருமானாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "நெசமான மணிதான்மா."

தள்ளி நின்ற காதர் மனைவியின் பையிலிருந்து ஃபோனை எடுத்து, பொத்தானை அழுத்தி உயிர்ப்பித்து, படம் எடுக்கிறேன் பேர்வழி என்று தடவிக்கொண்டிருந்தார். உயிர் வந்ததும் அது அடிக்கத் தொடங்கியது. "உனக்குத்தான்" என்று நீட்டினார். முத்து பீவி அதைப் பார்த்தாள். இடது கையை மகள் பிடித்திருந்தாள், வலது கையில் மகளின் பட்டச்சுருள் இருந்தது.

"எனக்குக் கை இல்ல மச்சான்" என்றாள். ஃபோன் அடித்து ஓய்ந்தது.